மின்வெட்டும் அப்பாவின் குரலும்

அம்மா 19 நாட்களாக அப்பாவின் குரலைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 2024 மே மாதம். புனேயிலிருந்து வழக்கம்போல ஞாயிறு காலை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தில்லி வெயில், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணம் எல்லாம் பேசி முடித்தபிறகு, "நேத்து எந்தக் காசெட் கேட்டே?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை.

"மெஷின் ஓடலைடி. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக நான் தில்லிக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். நான் ரயில் ஏறிய மறுநாளே மின்சாரம் போயிருக்கிறது. மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி அணைந்திருக்கிறது. அதன் பொத்தானை அழுத்தக் குனியவேண்டும். குனிய அனுமதி இல்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னால் தொந்தரவு. ஆகவே அம்மா சும்மா இருந்துவிட்டாள். 76 வயதுக்காரர்கள் இப்படித்தான் நம்மைத் தண்டிக்கிறார்கள், அது தண்டனை என்று அவர்களுக்கே தெரியாமல்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். 1983இலிருந்து 1987வரை அப்பா ஷில்லாங்கில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு தில்லியில் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோ உத்தியோகம். எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூடம். குடும்பம் யமுனைக்குக் கிழக்கே, அப்பா காசி மலையில். டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்கும் நேரத்தில் பேச விஷயம் மறந்துபோகும். அப்பா ஒரு டூ-இன்-ஒன் வாங்கி, மாதத்துக்கு ஒரு காசெட் பேசி ரிஜிஸ்டர்ட் தபாலில் அனுப்பத் தொடங்கினார். 60 நிமிடம். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் எங்களுக்கு. எங்கள் பக்கத்தில் கதை, திருக்குறள் விளக்கம், பெருக்கல் வாய்ப்பாட்டில் திடீர்க் கேள்விகள். பதில் சொல்ல அவர் இடைவெளி வேறு விடுவார். பின்னணியில் எப்போதும் தகரக் கூரைமேல் மழை.

ஐம்பது காசெட்டுகளுக்குமேல் வந்தன. இருப்பது 43. மீதியில் ஏழெட்டின்மீது நானும் தம்பியும் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டோம். ஒன்றில் பாட்டு முடிந்தபிறகு கடைசி நாலு நிமிடம் மட்டும் அப்பா மிச்சமிருக்கிறார். பாதி வாக்கியத்தில் தொடங்குகிறார். 2019இல் அவர் இறந்த பிறகு அந்த நாலு நிமிடத்தை முதல் தடவையாகக் கேட்டபோது ஏற்பட்ட உணர்ச்சியை விவரிக்கப் போவதில்லை.

2021இல் காசெட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அதில் குறுக்கு வழி கிடையாது. 60 நிமிடக் காசெட்டுக்கு 60 நிமிடம்தான் ஆகும். சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. திருகாணி உள்ள காசெட்டைத் திறந்து மாற்றலாம். ஒட்டி மூடியதை உடைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும். எல்லாம் சேர்த்து 43 மணி நேரம், எம்பி3 வடிவத்தில் இரண்டரை ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. "பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிவிட்டால் போதுமே" என்றான் பெங்களூர்த் தம்பி. நியாயமான யோசனைதான். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்கும் குரல் அல்ல அது. அம்மா அடுப்படியில் இருக்கும்போதும் படுக்கையில் சாய்ந்திருக்கும்போதும் டேப்லெட்டில் கேட்கவேண்டும். ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் இணையச் சேமிப்பில் ஏற்றிவிடலாம் என்றபோது அம்மா உறுதியாக மறுத்துவிட்டாள். "ஒரு பக்கம் எனக்குப் பேசினது. அதை எதுக்கு ஊரார்கிட்ட கொடுத்து வைக்கணும்?"

ஆகவே வீட்டிலேயே ஒரு சர்வர். நேரு பிளேஸில், ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய சிறிய டெஸ்க்டாப் 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. டெபியன் லினக்ஸ் இலவசம். பாட்டுகளையும் பேச்சுகளையும் வீட்டுக்குள் வழங்கும் நாவிட்ரோம் என்ற மென்பொருளும் இலவசம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அப்பாவின் காசெட்டுகளும், இடம் மிச்சமிருந்ததால் அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளும். நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவள். புத்தகம் பார்த்துச் சமைப்பதுபோல ஒவ்வொரு வரியாகச் செய்தேன். வேலை செய்தது.

ஆனால் நான் செய்தது பாதி வேலை. சர்வரை ஓட்ட, கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டவேண்டும். ஜன்னலை மூடினால் சர்வரும் போய்விடும். மின்சாரம் போனாலும் அப்படியே. அதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு, கட்டளையை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியது! மூன்று கோடைகளாக அம்மா ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் குனிந்து, பொத்தானை அழுத்தி, பாஸ்வேர்டு தட்டி, கறுப்பு ஜன்னலில் அந்த வரியை அடித்திருக்கிறாள். ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லை. 36 வருட டைப்பிங்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தேன். "பாஸ்வேர்டை எடுத்துவிடு, தானாக லாகின் ஆகும்" என்றான் தம்பி. சாவி தொலைகிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது. அதற்கு அவசியமும் இல்லை.

லினக்ஸில் இயந்திரம் விழித்ததும் கெர்னல் எழுப்பிவிடும் முதல் நிரலுக்கு எண் 1. மற்ற நிரல்கள் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். யாரை எப்போது எழுப்புவது, எழுந்தவர் விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஒன்றாம் எண்ணின் பொறுப்பு. யூனிக்ஸ் காலத்திலிருந்து வந்த பழைய முறையில் எண் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுப்புவார்கள். 2010இல் லெனார்ட் பொட்டெரிங்கும் கே ஸீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி, யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து, முடிந்தவர்களை ஒரே சமயத்தில் எழுப்புகிறது. இதை ஏற்பதா என்று லினக்ஸ் உலகில் நடந்த சண்டை சாமானியமானதல்ல. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் ஓட்டுகள் நாலுக்கு நாலு என்று நின்று, தலைவரின் ஓட்டில்தான் முடிவாயிற்று. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்கடை போட்டார்கள். காலையில் யார் யாரை எழுப்புவது என்பதில் கூட்டுக் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாம் செய்யவேண்டியது, அந்த ஒன்றாம் எண்ணுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிவைப்பது. பத்துப் பதினைந்து வரி. யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என்று மூன்று பகுதிகள். நெட்வொர்க் வந்தபிறகு தொடங்கு. இந்தப் பயனாளரின் பெயரில் இந்த நிரலை ஓட்டு. தவறி விழுந்தால் பத்து விநாடி கழித்து மறுபடி எழுப்பு. இயந்திரம் வழக்கமான நிலைக்கு வரும்போது இதையும் சேர்த்துக்கொள். அவ்வளவுதான்.

எழுதவேண்டியவள் புனேயில், கம்ப்யூட்டர் தில்லியில். தொலைவிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழியை நான் அமைத்து வைத்திருக்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் வந்து பொத்தானை அழுத்தினான். கீபோர்டு அம்மாவின் மடியில்.

"கண் தெரியறதா?" என்றேன்.

"கண் எதுக்கு? நீ சொல்லு" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல அம்மா அடித்தாள். பகர அடைப்பு, பெரிய எழுத்து யு, சமக்குறி, இடைவெளி வேண்டாம், அடுத்த வரி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும், கேட்காமலே, எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படித்தாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. ஓய்வுபெற்று 16 வருடங்களுக்குப் பிறகு ஒரு டிக்டேஷன் எடுத்த திருப்தி குரலில் தெரிந்தது. 'ஸ்டார்ட்' என்ற கட்டளையைச் சொன்னேன். கறுப்பு ஜன்னலை மூடச் சொன்னேன். மூடியும் சர்வர் ஓடியது. டேப்லெட்டில் அப்பா "சௌக்கியமா?" என்று ஆரம்பிப்பது புனேவரை கேட்டது.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் போயிற்று. மறுபடி மௌனம். இந்தத் தடவை அம்மா உடனே கூப்பிட்டாள். பையனை அழைத்துப் பெட்டியைப் போட்டிருக்கிறாள், பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்து நிற்கிறது, அப்பா இல்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள்: "நீ ஸ்டார்ட்னுதானே அடிக்கச் சொன்னே? இனிமே எப்பவும் ஸ்டார்ட்னு எங்கேயாவது சொன்னோமா?"

சொல்லவில்லை. 'ஸ்டார்ட்' என்பது இப்போது ஓட்டு என்று மட்டுமே பொருள்படும். ஒவ்வொரு தடவை இயந்திரம் விழிக்கும்போதும் ஓட்டவேண்டுமானால் 'எனேபிள்' என்று தனிக் கட்டளை தரவேண்டும். அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. விழிக்கும்போது எழுப்பவேண்டியவர்கள் பட்டியல் உள்ள கோப்புறையில் நம் குறிப்புக்கு ஒரு இணைப்பு வைக்கிறது. எனேபிள் மட்டும் செய்தால் இப்போது ஓடாது. ஸ்டார்ட் மட்டும் செய்தால் நாளை ஓடாது. லினக்ஸ் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் முதல் படி இது என்று நினைக்கிறேன். "ஒண்ணு வாய்மொழி உத்தரவு. இன்னொண்ணு ஸ்டாண்டிங் ஆர்டர். எங்க செக்ஷன்ல இந்த வித்தியாசம் தெரியாம எத்தனை ஃபைல் தூங்கியிருக்கு!" என்றாள் அம்மா.

எனேபிள் செய்தாயிற்று. ஆனாலும் ஒரு குறை பாக்கி: மின்சாரம் திரும்பினாலும் பெட்டி தானாக எழவில்லை, பையன் வரவேண்டியிருந்தது. அந்த அமைப்பு லினக்ஸுக்கும் முந்தியது, கம்ப்யூட்டரின் பயாஸில் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் சொல்லித்தர எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தில்லி போனேன்.

பயாஸில் மூன்று வழிகள் இருந்தன. மின்சாரம் திரும்பும்போது அணைந்தே இரு, விழித்துக்கொள், முன்பு எப்படி இருந்தாயோ அப்படி இரு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு, மின்வெட்டுக்காகக் காத்திருக்காமல், பிளக் ஸ்விட்சையே அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போட்டேன். பெட்டி தானாகவே உறுமிக்கொண்டு எழுந்தது. யாரும் எதையும் தொடவில்லை. ஒரு நிமிடத்தில் டேப்லெட்டில் பட்டியல் வந்தது. ஷில்லாங் 1, ஷில்லாங் 2, ஷில்லாங் 3. அம்மா ஒன்றைத் தொட்டாள்.

பெயர் இருந்தது. குரல் வரவில்லை.

வேறொன்றைத் தொட்டாள். அதுவும் இல்லை. 43 பெயர்களும் இருந்தன, ஒன்றும் பேசவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்ற பயத்தில் எனக்குக் கை நடுங்கியது. இன்னொரு பிரதி புனேயில் இருக்கிறது என்பது நினைவுக்கு வர சில விநாடிகள் ஆயிற்று. அம்மா எதுவும் சொல்லாமல் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

காரணம் பிடிபட இரவு பதினொரு மணி ஆயிற்று. டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. வெளி டிஸ்க்கைச் செருகினால் திரையில் தானாகத் தோன்றுகிறதே, அது இயந்திரத்தின் ஏற்பாடு அல்ல. லாகின் செய்து உள்ளே வந்த மனிதருக்காக டெஸ்க்டாப் செய்து தரும் உபசாரம். மனிதர் வராவிட்டால் உபசாரமும் இல்லை. இத்தனை நாளும் அம்மாவோ நானோ பாஸ்வேர்டு தட்டி உள்ளே போய்க்கொண்டிருந்ததால் டிஸ்க் வந்துகொண்டிருந்தது. காசெட்டுகளின் பட்டியல் உள் டிஸ்க்கில். காசெட்டுகள் வெளி டிஸ்க்கில். முதல்முறையாக யாருமே இல்லாமல் பெட்டி எழுந்தபோதுதான் இது அம்பலமானது.

டிஸ்க்கை இயந்திரமே ஏற்றிக்கொள்ள எஃப்எஸ்டேப் என்ற பழைய பட்டியலில் ஒரு வரி சேர்க்கவேண்டும். டிஸ்க்கின் தனி அடையாள எண்ணைக் கொடுப்பது நல்லது. செருகும் துளை மாறினாலும் அது மாறாது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால், என்றாவது டிஸ்க் கம்பி கழன்றிருந்தால் இயந்திரம் 90 விநாடி காத்திருந்துவிட்டு, மேலே போகாமல் அவசரநிலை என்று நின்றுவிடும். ஆனால் 'நோஃபெயில்' போட்டால் டிஸ்க்குக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், சர்வர் முந்திக்கொள்ளும். ஆகவே நம் குறிப்பின் முதல் பகுதியில், இந்த இடத்தில் டிஸ்க் ஏறிய பிறகே தொடங்கு என்று ஒரு வரி. அதையும் அம்மாதான் அடித்தாள், மறுநாள் காலை காப்பிக்குப் பிறகு. கீபோர்டை நான் எடுத்தபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஸ்விட்சை அணைத்துப் போட்டோம். பேசினார்.

ஒருமுறை பேசியதை நான் நம்பவில்லை. இந்தத் தடவை வீட்டின் மெயின் ஸ்விட்சையே அணைத்தேன். நல்லதாயிற்று. இண்டர்நெட் ரூட்டரும் சேர்ந்து அணைந்து எழுந்தபோது அது பெட்டிக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிட்டது. டேப்லெட் பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு என்று ஒரு முகவரியை ரூட்டரில் ஒதுக்கிவைத்ததும் அது தீர்ந்தது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் பெட்டி ஏன் அணையவேண்டும் என்று கேட்கலாம். நானும் மூன்று வருடம் கேட்கவில்லை! மின்சாரம் போன கணத்திலிருந்து பாட்டரி பொறுப்பேற்க ஒரு சிறு இடைவெளி ஆகிறது. மின்விசிறிக்கு அது தெரியாது. கம்ப்யூட்டருக்கு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தாங்குவது கஷ்டம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் இந்த இடைவெளியைக் குறைக்கும் யூபிஎஸ் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது, தூசி படிந்து. அதைத் தள்ளிவிட்டபிறகு சிறு மின்வெட்டுகளில் பெட்டி அசைவதில்லை. ஜூன் மாதத்தில் நாலைந்து மணி நேரம் போய் பாட்டரியும் தீர்ந்துவிடும் நாட்களுக்குத்தான் நாங்கள் செய்த மற்றதெல்லாம்.

அப்படி ஒரு நாள் நான் கிளம்புவதற்கு முந்தைய இரவே வாய்த்தது. எட்டரைக்குப் போன மின்சாரம் வரவில்லை. பன்னிரண்டு மணி சுமாருக்கு இன்வெர்ட்டர் நாலைந்து தடவை கூவிவிட்டு ஓய்ந்தது. மின்விசிறி நின்றது. வியர்வையில் புரண்டுகொண்டு, மேஜைக்கு அடியில் இருட்டாக இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குவதாக நினைத்தேன்.

இரண்டு மணிக்குமேல் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. பெட்டியின் நீலப் புள்ளி எரிந்தது. நான் அசையவில்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பக்கத்துக் கட்டிலில் டேப்லெட்டின் வெளிச்சம் தெரிந்தது. மழைச் சத்தம் கேட்டது. பிறகு அப்பா, நாற்பது வருடத்துக்கு முந்திய குரலில், ஷில்லாங்கில் சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை என்றும், டூ-இன்-ஒன்னில் பாட்டரி போட்டுப் பேசுவதாகவும், பாதியில் குரல் இழுத்தால் பயப்படவேண்டாம் என்றும் சொன்னார்.

"இழுக்காது. கடைசிவரை நல்லாத்தான் வரும்" என்றாள் அம்மா, இருட்டில், யாரிடம் என்று தெரியாமல்.